மச்சானின் இடது கை

"மனுஷன் கை அசைஞ்சா போதும், அவன் என்ன சொல்ல வர்றான்னு நான் சொல்லிடுவேன். வாயெல்லாம் சும்மா ஒரு பழக்கதோஷம்."

அலுவலகக் கூட்டத்தில், தண்ணீர் பாட்டிலை மைக் போலப் பிடித்துக்கொண்டு கை சார் இப்படி அறிவித்தபோது பதினோரு பேர் இருந்தார்கள். மறுத்துப் பேச ஒருவர் கையைத் தூக்கினார். கை சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

'கை சார்' ஆபீஸில் வைத்த பெயர். வயது நாற்பத்தாறு. மணிக்கட்டில் கட்டுகிற பட்டைக்கு மனிதர்களின் கையசைவைக் கற்றுக்கொடுப்பது உத்தியோகம். பட்டைக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார். கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அது எண்களாகக் கொட்டும். அந்த எண்களுக்குப் பக்கத்தில் 'தண்ணீர்', 'வலி', 'கழிப்பறை', 'இங்கே வா' என்று கை சார் பெயர் எழுதுவார். ஆயிரக்கணக்கில் எழுதினால், அப்புறம் பட்டையே பெயரைச் சொல்லிவிடும். பேச்சிழந்த நோயாளிகளுக்கான பட்டை. புண்ணியமான வேலைதான், அதை அவரே அடிக்கடி சொல்வார்.

இதற்கு ஆட்களைக் கூப்பிட்டு அசைக்கச் சொல்ல வேண்டும். வருகிறவர்களோ நடுவில் மூக்கைச் சொறிவார்கள், 'தண்ணீர்' என்றால் 'வலி'யைக் காட்டுவார்கள். கை சாருக்குச் சுத்தம் முக்கியம். எல்லோரையும் அனுப்பிவிட்டு, மூன்று மாதம் தன் வலது கையாலேயே நாலாயிரத்து இருநூறு அசைவுகளையும் செய்து முடித்தார். தெருவில் நடந்தபடி ஒத்திகை பார்த்ததில் மூன்று வாடகைக் கார்கள் நின்று, திட்டிவிட்டுப் போயின.

பாதி அசைவுகளைப் பாடமாகவும் மீதியைப் பரீட்சையாகவும் வைத்தார். பட்டை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கியது.

"சார், பாடமும் உங்க கை, பரீட்சையும் உங்க கை. வேற யாராவது கட்டிப் பார்த்தாங்களா?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்.

"கைன்னா கைதாம்மா. இதுல உன் கை என் கைன்னு என்ன இருக்கு?"

இந்தச் சமயத்தில்தான் மச்சான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன், முப்பது வருஷம் பஸ் கண்டக்டராகக் கத்தியவர். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கண்ணை மூடினால் 'ஆமாம்', அவ்வளவுதான். மனைவி ஒரு மாதம் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை லீவு முடிகிறது. பக்கத்து வீட்டு டெய்லரம்மா, என்ன வேண்டும் என்று பட்டை தன் போனுக்குச் சொல்லிவிட்டால் வந்து செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். பட்டை சொல்லாவிட்டால், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஹோம். அந்த வார்த்தையைக் கேட்டாலே மச்சான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஞாயிறு காலை மச்சானின் இடது கையில் கை சார் பட்டையைக் கட்டினார். மச்சான் மெல்லக் கையைத் தூக்கினார்.

"தண்ணீர்" என்றது கை சாரின் போன்.

கை சார் பெருமையோடு ஒரு டம்ளர் கொண்டுவந்தார். மச்சான் குடித்தார். மறுபடி தூக்கினார். தண்ணீர். மறுபடியும். தண்ணீர்.

"பாவம், நாக்கு வறண்டுபோச்சு" என்றார் கை சார், ஐந்தாவது டம்ளரோடு.

"என்னங்க, எங்க அண்ணன் என்ன ஒட்டகமா?"

ஆறாவது டம்ளரை மச்சான் தட்டிவிட்டார். தண்ணீர் முழுக்கக் கை சாரின் சட்டையில். போன், "இங்கே வா" என்றது.

"பாத்தியா, மத்ததும் வருது!"

மனைவி அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "அண்ணா, பாத்ரூம் போகணுமா?"

மச்சான் கண்ணை இறுக மூடினார்.

திரும்பி வந்து படுக்கவைத்ததும் அவள் போனை எடுத்தாள். "நாளைக்கு டெய்லரம்மா குடம் குடமா ஊத்துவாங்க. ஹோமுக்குச் சொல்லிடறேன்."

மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கை சார் ஈரச் சட்டையோடு எண்களைப் பார்த்தார். மச்சானின் கை மெதுவாக, நடுங்கி, பாதியில் நின்று போயிருந்தது. தன்னுடைய நாலாயிரத்து இருநூறில் ஒன்றுகூட அந்த மாதிரி இல்லை. அதில் இருப்பதிலேயே மெதுவானது 'தண்ணீர்'; மெதுவாக எது வந்தாலும் பட்டைக்கு அது தண்ணீர்தான்.

"போன் பண்ணாதே" என்றார்.

"நாளைக்கு யாரு இருப்பா?"

"நான். ரெண்டு வாரம் லீவு போடறேன்."

"ஆபீஸ்ல என்ன சொல்வீங்க?"

"டேட்டா சரியில்லைன்னு."

"யாரோட டேட்டா?"

கை சார் சட்டையைப் பிழியப் போனார்.

திங்கட்கிழமை கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மச்சான் அசைப்பார், இவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், கண் மூடியதும் எழுதிக்கொள்வார். மத்தியானத்துக்குள் முப்பத்தோரு அசைவுகள் சேர்ந்தன. அவற்றில் நான்கு, 'ஜன்னலைச் சாத்து'. ஒன்பது, 'நீ கொஞ்சம் தள்ளி உட்கார்'.

முப்பத்திரண்டாவதாக மச்சான் இரண்டு விரலை உயர்த்தி, லேசாகத் திருப்பி, கீழே போட்டார்.

"ஃபேனா? வலியா? தலையணையா? அவளைக் கூப்பிடணுமா? நான் எழுந்து போகணுமா?"

கண் திறந்தே இருந்தது. இன்னும் பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். திறந்தே இருந்தது.

கை சார் அந்த எண்களுக்குப் பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மச்சான், இன்னொரு தடவை காட்டுங்க."