மருந்தில்லை என்று சொன்ன டாக்டர்

சிலோனை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய மறு வருஷம் என் முகம் வீங்கியது. கல்யாணமாகி ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. சிறுநீர், பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் போனது.

"தொண்டைப்புண் வந்தால் இப்படி ஆகும், சில வாரத்தில் சரியாகிவிடும்" என்றார் தோட்டத்து டாக்டர். ஆகவில்லை. கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அங்கே என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் ஊசி விட்டு, கிட்னியிலிருந்து துளி சதை எடுத்தார்கள்.

"கிருமிய அழிக்கறதுக்குன்னு ரத்தத்துல ஒரு சத்து இருக்குதுங்கம்மா" என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். "உங்களுக்கு அது ஓயாம வேலை செஞ்சு கிட்னியவே அரிக்குதுங்க. ரொம்ப அபூர்வம்."

மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் விழுங்கினேன். கன்னம் உப்பி, கண்ணாடியில் வேறு யாரோ தெரிந்தாள். பிரஷர் ஏறியது. நோய் மட்டும் அசையவில்லை. ஒருநாள் டாக்டரே மாத்திரையைக் குறைத்து நிறுத்தப்போவதாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "அப்ப இவளச் சாகச் சொல்றீங்களா?"

டாக்டர் கோபப்படவில்லை. "இந்த மருந்து நோய அடக்கலீங்க, உங்க சம்சாரத்தத்தான் வாட்டுது. இதுக்குன்னு மருந்து இன்னும் வரலீங்க. இருக்குதுன்னு நான் பொய் சொல்லக் கூடாதுல்ல? பிரஷரையும் உப்பையும் கட்டுல வெச்சா நாளை நீட்டலாம். மாசாமாசம் வாங்க, நான் பாத்துக்கறேன்."

திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். ஆனால் முதல் முறையாக ஒருவர் என்னிடம் உள்ளதைச் சொன்னது மனசுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் குழம்புக்கு உப்பில்லை. "உங்களுக்குத் தனியா ஆக்கவா?" என்று கேட்டால், "ஒரு சட்டி போதும் புள்ள" என்பார் அவர். முகம் சுளித்துச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. மண்சரிவில் பஸ் நின்ற மாதங்களில், பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டு டாக்டரிடமிருந்து தபால் வரும்.

அந்தக் கிட்னி இருபத்தோரு வருஷம் தாங்கியது. அதற்கப்புறம் டயாலிசிஸ்தான். போன மாதம் டயாலிசிஸ் செய்யும் டாக்டரம்மா, அந்தச் சத்தையே தடுக்கும் மருந்து வந்துவிட்டது, கிடைப்பதுதான் கஷ்டம் என்றார்.

"எனக்கு இனி எதுக்குங்கம்மா? அடுத்து இந்த நோயோட வர்ற புள்ளைக்காவது கெடைக்கட்டும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டயாலிசிஸ் ஊசியை எடுத்தார். நான் கையை நீட்டினேன்.