தன்லியினுக்கு டாக்சியில் 24 கிலோமீட்டர், ஃபைபரில் 61

யாங்கோனுக்கு நான் போனது பகோடா பார்க்க இல்லை, ஒரு புகாருக்காக. அங்குள்ள ஒரு சின்ன இணைய கம்பெனிக்கு, எந்த வீட்டுக்கு எவ்வளவு பேண்ட்வித் என்று சென்னையில் உட்கார்ந்தபடியே பிரித்துக் கொடுத்தவன் நான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்லியின் ஊர் வீடுகளில் மட்டும், இணைய அழைப்பில் குரல் அறுந்து அறுந்து போகிறதாம். "உங்க ஆளுங்க கேபிளைச் சரியா ஒட்டலை" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு, நவம்பரில் மழை விட்டதும் கிளம்பினேன்.

யாங்கோனின் அலோன் பகுதியிலிருந்து பகல் 12.10-க்கு டாக்சி. கூட வந்தவர் கம்பெனியின் லைன் பொறியாளர் கோ சிவா. அங்கே ஆண் பெயருக்கு முன் 'கோ', பெண் பெயருக்கு முன் 'மா' என்பது மரியாதை. தமிழ் நன்றாகப் புரியும், பேச ஆரம்பித்தால் பாதி பர்மியமாகிவிடும். பாகோ ஆற்றுப் பாலம் தாண்டி 24 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம், முப்பதாயிரம் க்யாட்.

புகார் கொடுத்த மா காவேரி, சிங்கப்பூரிலிருக்கும் தமிழர்களுக்கு இணையத்தில் பர்மியம் சொல்லித்தருகிறவர். "மூணு மணிக்கு சோதனை வகுப்பு அண்ணா. போன வாரம் ரெண்டு தடவை அறுந்துருச்சு. இன்னிக்கும் போச்சுன்னா சிங்கப்பூர்க்காரங்க வேற டீச்சரைப் பாத்துக்குவாங்க" என்றார். மணி அப்போதே ஒன்றேகால் தாண்டியிருந்தது.

கேபிள் ஒட்டுகளைப் பார்த்தோம். குறையே இல்லை. பிறகுதான் கோ சிவாவின் அளவுக் கருவித் திரையில் ஃபைபரின் நீளம் கண்ணில் பட்டது: 61 கிலோமீட்டர்!

"நேர் கேபிள் அறுந்துச்சுல்ல, லைன் இப்ப வடக்கே இன்சீன் பக்கமா சுத்தி வருது" என்றார் கோ சிவா, சாவகாசமாக.

அட கடவுளே. நான் வரைபடத்தில் சாலை தூரத்தைப் பார்த்து, இந்த வீடுகளைப் 'பக்கத்து' வரிசையில் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் "இவ்வளவு அனுப்பணும்" என்று கம்பெனியின் நிலையத்திடம் கேட்டு, பதில் வந்த பிறகே அனுப்பும். அந்தப் பதில் தூரத்து வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பக்கத்து வீடுகள் அடுத்த முறையையும் வாங்கிக்கொண்டுவிடும். அதனால் தூரத்து வீடுகளுக்குக் கேட்காமலேயே கொஞ்சம் நிரந்தரப் பங்கு ஒதுக்க வேண்டும். அதைத்தான் நான் ஒதுக்கவில்லை.

இப்போது யாரிடமிருந்து எடுப்பது? அலோன் கிடங்குகளின் கேமராப் பதிவுகளுக்கு ஒதுக்கியிருந்த பங்கில் கை வைத்தேன்.

"கோடவுன்காரர் கத்துவாரு" என்றார் கோ சிவா.

"கத்தட்டும். அவருக்குப் படம் கொஞ்சம் தாமதமாப் போகும், அவ்வளவுதான்."

2.52-க்கு மாற்றி முடித்தேன். தப்பு என்னுடையது என்று மா காவேரியிடம் ஒப்புக்கொண்டேன்.

"நீங்களா? எட்டு நாளா என் வீட்டு வயரைத் திட்டிட்டிருந்தேனே!" சுருக்கென்று சொன்னவர், நாற்காலியை இழுத்து என்னைக் கேமரா முன்னால் உட்காரவைத்தார். அன்றைய பாடம், பர்மியத்தில் மன்னிப்புக் கேட்பது. "தவுங் பான் பா டே" என்று பதினோரு பேர் முன்னால் நான் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஒரு எழுத்துகூட அறுபடவில்லை. வெட்கத்திலும் சந்தோஷமாக இருந்தது.

தன்லியின் போகிறவர்கள் நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அப்புறம் பாலத்தில் நெரிசல். மின்வெட்டு நேரத்தைக் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். என் தொழில்காரர்களுக்கு ஒன்று: வரைபடத்தை நம்பி தூரம் எழுதாதீர்கள், லைனை அளந்து பாருங்கள். அதற்கு முன் அடுத்தவர் ஒட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இதை எழுதும்போது மா காவேரியிடமிருந்து செய்தி வந்தது. திங்களிலிருந்து வாரம் ஐந்து வகுப்பு, வேலை உறுதி. என் உச்சரிப்பு மட்டும் தேறவில்லையாம்.