தவிட்டுக்கு வாங்கிய தம்பி

காரைக்குடியில் ஒரு தீவனக் கடையைக் கடக்கும்போது தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

தம்பியைத் தவிட்டுக்கு வாங்கியபோது எனக்கு எட்டு வயது. கைக்குழந்தையான அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். பிள்ளையைக் குன்றக்குடி முருகனுக்குக் கொடுத்துவிட்டு, தாய்மாமன் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினால் நோய் அண்டாது என்பார்கள். வேறு யார் வாங்கினாலும் செல்லாது. ஆனால் வரப்புச் சண்டையில் அப்பாவும் மாமாவும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா ரகசியமாக மாமாவுக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

மலைமேல் சன்னதி முன்னால், விபூதியும் எண்ணெயும் மணக்கும் கல்தரையில் தம்பியைக் கிடத்தினார்கள். கல்லின் குளிர்ச்சி பட்டு அவன் வீறிட்டான்.

"தாய்மாமன் வந்துட்டாரா?" என்று குருக்கள் கேட்டார். அம்மா படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார், வெறுங்கையோடு.

"தவிட்டுப் பையைப் பஸ்ஸுலயே விட்டுட்டேன் தாயி" என்றார் அம்மாவிடம், அழாத குறையாக.

அப்பா தன் துண்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எங்கள் வீட்டுத் தவிடு. அதை எப்போது முடிந்துவைத்தார் என்று அம்மாவுக்கே தெரியாது.

"பிடிங்க மச்சான். பிள்ளை அழுகுறான்ல."

"எம்புட்டு வேணும்க்கா? மாட்டுக்கா?" என்று தீவனக் கடைக்காரர் கேட்டார்.

எங்களிடம் மாடு கிடையாது. வீட்டைப் பங்கு பிரித்த நாளிலிருந்து தம்பி என்னோடு பேசுவதில்லை.

"ஒரு கைப்பிடி போதும்" என்று முந்தானையை நீட்டினேன்.