சூடா வந்த மலைத்தண்ணி

பெத்த ஆத்தா மேல சத்தியமா, இதுல ஒரு வார்த்த கூட பொய் இல்ல. பினாங்குல வீடு வீடா போயி குடிக்கிற தண்ணிய புடிச்சி டெஸ்ட் பண்றது என் வேல. ஆறாங்கிளாஸ தாண்டாதவன், எனக்குத் தெரிஞ்ச சயின்ஸு இவ்ளோதான்: மருந்து போட்ட போத்தல்ல தண்ணிய ஊத்தி ரெண்டு நாள் வச்சா, கறுத்துச்சின்னா கெட்ட தண்ணி. மீட்டர் பாக்குறவங்க, தபால் குடுக்குறவங்க, நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளிய நிக்கிற எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

கெணத்து வீட்டு அக்கா

சுங்கை பாக்காப்ல ஒரு அக்கா வீட்டுக் கெணறு. தண்ணிய போத்தல்ல புடிச்சிட்டு, ரெண்டு நாள் கழிச்சி ரிசல்ட் சொல்றேன்னேன். அந்தக்கா உள்ள போயி பெரிய டம்ளர் நெறைய அதே தண்ணிய கொண்டாந்து நீட்டிச்சி.

"போத்தல எதுக்கு தம்பி பாத்துக்கிட்டு? நீ குடி, ரெண்டு நாள் உன்னைய பாக்குறோம்."

மழையில வெயிலு

ஆயர் ஈத்தாம்ல சின்னையா அண்ணே, லோரி ஓட்டி ரிட்டையர் ஆனவரு. பொண்டாட்டி இல்ல, அடுப்புப் பக்கமே போவாத மனுசன். மலையிலேர்ந்து ட்யூப் போட்டு தண்ணி எடுக்குறாரு, அதத்தான் அப்படியே குடிப்பாரு. மக மாசமா இருக்கு, புருஷன் சிங்கப்பூர்ல. பிரசவத்துக்கு வாம்மான்னா, தண்ணி பாஸ் ஆனாதான் வருவேன்னு சொல்லிடுச்சாம்.

நான் போறதுக்குள்ள அவரே ஒரு ஜக்குல புடிச்சி ரெடியா வச்சிருந்தாரு. தொட்டுப் பாத்தா, காய்ச்சக்கார புள்ள நெத்தி மாதிரி சுடுது. அண்ணே, மலைத்தண்ணி எப்படி சுடும்னு கேட்டேன். வெளிய மழ ஊத்துது. மனுசன் மொகத்துல ஒரு அசைவு இல்ல.

"மேல இன்னிக்கி வெயிலு ஜாஸ்தி லா தம்பி."

ரெண்டு போத்தலு

அவரு தண்ணியயும் ஒரு போத்தல்ல ஊத்திக்கிட்டேன். அப்பறம் நானே ட்யூப்ல நேரா ஒண்ணு புடிச்சேன். ரெண்டு நாள்ல ட்யூப் தண்ணி கறிச்சட்டி அடி மாதிரி கறுத்துப் போச்சி.

சொல்லலாம்னு போனா, அண்ணே நடு வீட்டுல ஸ்பிரிங் தொட்டில் கட்டி, அஞ்சு கிலோ அரிசிப் பைய படுக்க வச்சி ஆட்டிக்கிட்டு இருக்காரு. தாங்குமான்னு பாக்குறாராம். கறுப்புப் போத்தல காட்டுனேன். அரிசிய தூக்கிக் கீழ வச்சாரு, தொட்டில் முடிச்ச அவுக்க ஆரம்பிச்சாரு.

எனக்கு மனசு கேக்கல. மொத போத்தல எடுத்து முன்னாடி வச்சேன். அது பளிச்சின்னு இருந்துச்சி. அன்னிக்கி இந்தத் தண்ணிய என்னண்ணே பண்ணீங்கன்னு கேட்டேன். தலைய சொறிஞ்சிக்கிட்டே, தளதளன்னு கொதிக்க வச்சி, மூடி போட்டு வச்சேன்னாரு. அந்தத் திருட்டுத்தனத்த தெனமும் பண்ணுங்க, பாப்பா பால் கலக்குறதுக்கும் அதேதான்னு சொன்னேன்.

ஒடனே மகளுக்கு போன் போட்டு என் கையில குடுத்துட்டாரு. கறுத்தது, கறுக்காதது, ரெண்டையும் மறைக்காம சொன்னேன். மக அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிச்சி.

"எங்கப்பா அடுப்பு பத்த வச்சாராண்ணே? அப்போ நாளைக்கே வர்றேன்னு சொல்லுங்க."

திருடன புடிச்சி, இதையே தெனமும் பண்ணுய்யான்னு சொல்லிட்டு வந்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன். சிரிச்சவங்க எனக்கு நொர பொங்க ஆத்துன டீ, ஒரு தே தாரேக் வாங்கிக் குடுங்க, கண்ணு கலங்குனவங்க ரெண்டு ரொட்டி சானாயும் சேத்து.