காஞ்சனாவின் வக்கீல்

திருத்தணி கோர்ட்டில் கோதண்டபாணி வக்கீலுக்குக் கோபக்காரர் என்று பெயர். வரப்புத் தகராறும் பஸ் விபத்தும்தான் அவரிடம் வரும். 1987-இல் அம்மையார்குப்பத்து நெசவாளி வேதாசலம் அழுதபடி வந்து நிற்கும்வரை, கம்ப்யூட்டரை அவர் கண்ணால் கண்டதில்லை.

வேதாசலத்தின் மகள் காஞ்சனா, கஜபதி என்பவரின் நூல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் வந்ததும் அவளையே அதில் உட்கார வைத்தார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால், நூல் இருப்பு விவரம் முழுவதும் காணோம். லீவு கொடுக்காத ஆத்திரத்தில் காஞ்சனாதான் அழித்துவிட்டாள் என்று கஜபதி புகார் கொடுத்தார். போலீசார் அவளைப் பிடித்துவந்து பகலெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஆதாரம் என்று கம்ப்யூட்டரின் திரையை மட்டும் தூக்கிவந்தார்கள். விவரம் இருந்த பெட்டி கம்பெனியிலேயே கிடந்தது.

"இன்னா சார் இது? டி.வி. மாதிரி இருக்கறத எடுத்துக்கினு வந்துட்டீங்க! இந்தப் பொண்ணு அழிச்சத யாரு பாத்தாங்க?" என்று கோதண்டபாணி ஸ்டேஷனுக்கே போய்க் கத்தினார்.

"அதுதானே மிஷின்ல உக்காந்துகினு இருந்தது. வேற யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜாமீன் வாங்கிய கையோடு கோதண்டபாணி மெட்ராசுக்கு ரயிலேறினார். கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஓரிடத்தில் போய் உட்கார்ந்து, புரியும்வரை கேள்வி கேட்டார். விவரம் எங்கே தங்குகிறது, எப்படிப் போகிறது, போனபின் என்ன மிஞ்சுகிறது என்று.

விசாரணையில், கம்பெனிக்காக ரிப்போர்ட் எழுதிய இன்ஜினியர் பரந்தாமன் கூண்டில் ஏறினார்.

"அழிச்சது யாருன்னு அந்த மிஷின் காட்டுமா?"

"காட்டாதுங்க."

"தானா கெட்டுப்போய் அழிஞ்சிருக்கலாமா?"

"ஆங்... இருக்கலாங்க."

"அப்புறம் எப்படி ரிப்போர்ட்ல காஞ்சனா பேரை எழுதினீங்க?"

பரந்தாமன் கஜபதியைப் பார்த்தார். "முதலாளி சொன்னாருங்க."

காஞ்சனாவை விடுதலை செய்தார்கள். வேதாசலம் கை கூப்பினார். காஞ்சனா கூப்பவில்லை.

"வுட்டுட்டாங்க, சரி சார். திருடியாட்டம் உக்கார வெச்சாங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

கோதண்டபாணியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். கஜபதிமேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். வாய்தாமேல் வாய்தா. கடைசியில் கஜபதி சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். வேலையும் திருப்பித் தருவாராம்.

"அந்த வேல வேணாம். எங்க தெருவுக்கு வந்து, அத்தினி பேரு எதிர்ல சொல்லட்டும்" என்றாள் காஞ்சனா.

கஜபதி தன் மேனேஜரை அனுப்பினார். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் கஜபதியே வந்தார். வேதாசலம் தடதடத்துக்கொண்டிருந்த பவர்லூமை நிறுத்தினார். அதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றாகத் தெருவே ஓய்ந்தது.

"தப்பு என் பேர்லதான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல" என்றார் கஜபதி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கே ஸ்டேஷன்ல வந்து சொல்ல இன்னா கேடு?" என்று, கூட வந்திருந்த கோதண்டபாணி அங்கேயும் சீறினார். வழக்கு அதோடு முடிந்தது.

அரக்கோணத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காஞ்சனா வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்டேஷனிலிருந்து மட்டும், தப்பை ஒத்துக்கொள்ள யாரும் அந்தத் தெருவுக்கு வரவே இல்லை.