நங்கையா கட்டிய மூட்டை

என் சைக்கிளுக்கு மூன்று பைகள் இருக்கின்றன. ஒன்று ஹேண்டில்பாரில் உருளையாகக் கட்டுவது. ஒன்று சட்டத்தின் முக்கோணத்துக்குள் பொருந்துவது. மூன்றாவது, சீட்டுக்குப் பின்னால் வால்போல நீட்டிக்கொண்டிருப்பது. மூன்றுமே தண்ணீர் புகாதவை. வந்த புதிதில் அவற்றை சோபாவின் மேல் வரிசையாக வைத்து, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு நகையைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் பாடம் எடுக்கும் நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்குப் பெருமை பேச வேறு என்னதான் இருக்கிறது?

சனிக்கிழமை கிளம்புவது, எங்காவது வெட்டவெளியில் ஓர் இரவு தங்குவது, ஞாயிறு திரும்புவது. இதுதான் எனக்குப் பிடித்திருந்த பைத்தியம். அந்த மாசி மாதம் ஜலகண்டாபுரம் போவதாக முடிவு செய்திருந்தேன். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவருக்கு அங்கே தோட்டம் இருக்கிறது. குடும்பம் ஊருக்குள் இருக்கிறது, தோட்டத்தில் மோட்டார் ரூம் மட்டும்தான். அதன் மொட்டை மாடியில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

இதைக் கேள்விப்பட்டு நங்கையா வந்தார். நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வயது ஐம்பத்திரண்டு. இரண்டு தெரு தள்ளி வீடு. அவருடைய கணவர், எனக்கு அண்ணன் முறை, போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவர். ரிக் வண்டி ஒருமுறை சத்தீஸ்கர், ஒடிசா பக்கம் போனால் திரும்பி வர ஐந்தாறு மாதம் ஆகும். பதினைந்து ஆட்கள் போவார்கள். அவர்கள் அங்கே பொங்கித் தின்பதற்கான அரிசி, பருப்பு, மசாலா, பாத்திரம், மருந்து, கோணி ஊசி வரைக்கும் இங்கிருந்தே இன்னொரு லாரியில் போகும். இருபது வருடமாக அந்தச் சாமான்களைக் கட்டித் தருவது நங்கையாதான்.

அவர் கட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சீட்டு எழுத மாட்டார். முதல் நாள் வேண்டியது கடைசியாக ஏறும், கடைசி மாதம் வேண்டியது முதலில் ஏறும். கனமானது அடியில், அவசரமானது கையெட்டும் இடத்தில். தீப்பெட்டி மட்டும் மூன்று வெவ்வேறு மூட்டைகளில் இருக்கும், ஒன்று நனைந்தாலும் மற்றது காய்ந்திருக்கும் என்று. நாலாவது மாதம் ஏதோ ஒரு காட்டிலிருந்து சமையல்காரர் போன் செய்து பெருங்காயம் எங்கே என்று கேட்பார். பச்சை மூட்டையில், புளிக்கு இடது பக்கம் என்று நங்கையா திருச்செங்கோட்டிலிருந்து சொல்வார். புளிக்கு இடது பக்கம்தான் இருக்கும். கணக்கு டீச்சர் நான். என் கைப்பைக்குள் சாவியைத் தேட எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

அப்படிப்பட்டவர் சேலத்தைத் தாண்டியதில்லை. கல்யாணம், எழவு, ஆஸ்பத்திரி தவிர வெளியில் ஓர் இரவு தங்கியதில்லை. அன்று என் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, நானும் வருகிறேன் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கட்டிக் குடுத்த மூட்டையெல்லாம் எங்கெங்கயோ போயிப் படுத்துட்டு வருது சாமி. நானும் ஒரு நாளைக்குப் போயிப் படுத்துட்டு வாரேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைக் கூட்டிப் போக இஷ்டமில்லை. அவரிடம் இருப்பது பால் ஊற்றப் போகும் கறுப்பு லேடீஸ் சைக்கிள். கியர் கிடையாது, தொங்கு பை கிடையாது. மேட்டில் தள்ளிக்கொண்டு வருவார், நான் நின்று நின்று போக வேண்டியிருக்கும், என் அழகான வேகம் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அண்ணன் அப்போது ஊரில்தான் இருந்தார், வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நிபந்தனை போட்டார். ராத்திரி எட்டு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் போன் செய்வார், எடுக்க வேண்டும். எதற்காவது முடியவில்லை என்று தெரிந்தால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி வந்துவிடும், சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு வந்துவிடும், அதோடு இந்தப் பேச்சு முடிந்தது. வருடத்தில் பாதி நாள் காட்டில் படுக்கிற மனிதர், பெண்டாட்டி ஒரு ராத்திரி படுப்பதற்கு இவ்வளவு பயந்தார். கெட்ட எண்ணம் இல்லை, பயம்தான்.

சனிக்கிழமை விடிகாலை அவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கேரியரின் மேல் பலகை ஒன்றை போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். அதன் இரண்டு பக்கமும் உரச்சாக்கில் தைத்த பைகள், வாயில் மடிப்பு வைத்து, மழை வந்தாலும் உள்ளே இறங்காதபடி. கனமெல்லாம் அச்சுக்கு நேராகத் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. மேலே மடித்த தார்ப்பாய். எல்லாவற்றையும் பழைய லாரி டியூபை நீளமாகக் கிழித்த ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார். நான் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சைக்கிள்தான் ஆடியது, மூட்டை ஆடவில்லை. முன்கூடையில் தண்ணீர், வெல்லம் போட்ட கடலை உருண்டை, பஞ்சர் சாமான். என் மூன்று பைகளும் கடையில் அடுக்கி வைத்ததுபோல அழகாக இருந்தன. அவருடையது வேலைக்குப் போகிற ஆள்போல இருந்தது.

சங்ககிரி வரைக்கும் நான்தான் முன்னால் போனேன். அதைத் தாண்டியதும் என் வால் பை தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இடதும் வலதுமாக ஆடி, கடைசியில் டயரில் உரச ஆரம்பித்தது. ரோடு சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நங்கையா இறங்கி, பையைத் திறந்து உள்ளே கைவிட்டார். பூட்டு, சங்கிலி, பவர் பேங்க், இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் நான் அந்த வாலில்தான் திணித்திருந்தேன். சட்டத்தின் நடுப்பையில், மிதிக்கும் இடத்துக்கு மேலே இருந்ததோ துண்டும் மாற்றுத்துணியும்.

"பஞ்சை அடியில வெச்சு இரும்பை வால்ல கட்டுனா எந்த வண்டி நேராப் போவும்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நிமிடத்தில் மாற்றி அடுக்கினார். இரும்பும் தண்ணீரும் நடுவுக்கு வந்தன, துணி வாலுக்குப் போனது. கடைசியாக வாலைச் சுற்றி ஒரு டியூப் ரப்பர். தண்ணீர் புகாத வெளிநாட்டுப் பைக்கு லாரி டியூப் கட்டுவதா என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் இடைப்பாடி வரைக்கும் பை அசையவில்லை. அங்கே டீ குடிக்கும்போது, அவர் பார்க்காதபோது, அந்த ரப்பரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மேடு வந்த இடங்களில் அவர் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஆனால் ஒரே சீராக வந்தார். நான் மேட்டை மிதித்து ஏறி உச்சியில் மூச்சு வாங்கி நிற்பேன், எனக்கு மூச்சு அடங்கும்போது அவரும் வந்து சேர்ந்துவிடுவார். வழியில் மரவள்ளிக் காடுகளைப் பார்த்து, கிழங்கு பிடுங்கும் பதம் வந்துவிட்டதா என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாற்பது வயதில் கியர் வைத்த சைக்கிள் வாங்கியவளுக்கு மூச்சு வாங்கியது. ஐம்பது வயதில் பால்கேன் சைக்கிள் மிதித்தவருக்குப் பேசவும் மூச்சு மிச்சம் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்குப் போய்விட்டோம். டீச்சரின் தம்பி சாவி கொடுத்துவிட்டு ஊருக்குள் திரும்பிப் போனார். நான் வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் பாக்கெட் உணவு கொண்டுபோயிருந்தேன். நங்கையா அதைக் குலுக்கிப் பார்த்து ஓரமாக வைத்தார். சின்ன அடுப்பு, சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சுட்ட அப்பளம். ஒவ்வொன்றும் அவர் கை போன இடத்திலேயே இருந்தது. ஒரு தடவைகூட அவர் தேடவில்லை. நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், மனசும் நிறைந்துவிட்டது. பாத்திரம் கழுவி, அடுப்பையும் டீச் சாமானையும் கீழேயே வைத்துவிட்டு, மற்ற மூட்டைகளோடு மாடிக்கு ஏறினோம். தூரத்தில் ஊருக்குள் தறி ஓடும் சத்தம் கேட்டது.

நான் என் காற்று மெத்தையை ஊதி விரித்தேன், உறைமாதிரி இருக்கும் தூக்கப்பையை அதன்மேல் போட்டேன். நங்கையா தம் பைகளைத் திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். முன்கூடைச் சாமானையும் கொட்டிப் பார்த்தார். அன்று முழுவதும் முதல்முறையாக அவர் தேடியதைக் கண்டேன். பிறகு இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"பாயி போர்வை அவங்கவங்க கொண்டாருவாங்க" என்றார் மெதுவாக.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. ரிக் வண்டிக்கு அதுதான் வழக்கம். சமையல் சாமான், மருந்து, கருவி எல்லாம் வீட்டிலிருந்து போகும். பாயும் போர்வையும் மட்டும் ஒவ்வொரு ஆளும் தனக்குத் தானே சுருட்டிக்கொண்டு வர வேண்டும். இருபது வருடமாக மூட்டை கட்டியவர் ஒருநாளும் படுக்கை கட்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் உப்பு முதல் கோணி ஊசி வரை கட்டியவர், படுத்து எழுந்து வரவே கிளம்பியவர், தான் படுப்பதற்கு ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரிக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தால் பாய் வரும். பாயோடு பேச்சும் வரும், பாய் இங்கே வருவதற்குள் பேச்சு திருச்செங்கோடு போய்விடும். நங்கையா வேண்டாம் என்று தலையாட்டினார். அதே நேரம் அவருடைய போன் அடித்தது. எட்டு மணி.

அண்ணன் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. நங்கையா சொன்னதுதான் கேட்டது. சாப்பிட்டாச்சுங்க என்றார். பூச்சி பொட்டு ஒன்றும் இல்லை என்றார். பிறகு போனைக் காதில் வைத்தபடி, திறந்து கிடந்த பைகளைத் திரும்பிப் பார்த்தார். குட்டி யானை வண்டி வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்த மனுசிக்குப் பொய் சொல்லும் பழக்கமே கிடையாது.

"படுக்கைங்களா? இருக்குதுங்க. எல்லாம் இருக்குதுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு, உரச்சாக்குகளைக் காலி செய்து, அவற்றைத் தரையில் விரிக்கப் போனார். என் மெத்தையில் படுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். பாதிப் பாதி படுக்கலாம் என்றேன். அது ஓர் ஆள் அகலம்தான், அவர் அதையும் சொல்லிவிட்டார். நான் இறங்கிவந்து கெஞ்சினேன், அவர் சாக்கை உதறிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மெத்தையின் மூடியைப் பிடுங்கினேன். காற்று முழுவதும் இறங்கி அது தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. நானும் படுக்கப் போவதில்லை, இப்போது என்ன செய்வீர்கள் என்றேன். நங்கையா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தார்ப்பாயை எடுத்து அகலமாக விரித்து, அதன்மேல் சாக்கைப் போட்டு, தூக்கப்பையின் ஜிப்பை முழுவதும் திறந்து போர்வையாக்கினார். இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. மிச்ச அரிசிப் பை தலையணை ஆனது.

நான்தான் முதலில் தூங்கினேன். அவர் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது கடைசியாக ஞாபகம் இருக்கிறது.

மயில் கத்தும் சத்தத்தில் விழித்தேன். போர்வையின் மேல்பக்கம் பனியில் நனைந்திருந்தது. பொழுது நன்றாக வெளுத்துவிட்டது. நங்கையா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் போர்வைக்கு வெளியே. டீ போடலாம் என்று சத்தமில்லாமல் கீழே இறங்கினேன். சர்க்கரை எங்கே என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, முதலில் கை போன இடத்தில் இருந்தது.

டீத் தண்ணீர் கொதிக்கும்போது மாடியில் போன் அடித்தது. ஏழு மணி. ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு படியில் பாதி இறங்கிவிட்டேன்.

அண்ணன், அவள் எங்கே என்று கேட்டார். தூங்குகிறார் என்றேன். மேலுக்கு முடியலையா என்று கேட்டார், குரல் மாறிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறார், தூங்குகிறார், அவ்வளவுதான் என்றேன். வண்டி அனுப்புகிறேன் என்று சொன்னால் இவரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கல்யாணமாயி இருபத்தெட்டு வருசமாச்சு அம்மிணி" என்றார். "அவ தூங்கி நான் பாத்ததே இல்ல. நான் தூங்குனப்பறந்தான் படுப்பா, நான் முழிக்கறதுக்கு முந்தி எந்திரிச்சுருவா."

பிறகு கேட்டார்.

"எப்படிப் படுத்திருக்கா?"

நான் மெதுவாகப் படியேறிப் பார்த்தேன். அதற்குள் புரண்டிருந்தார். ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, முழங்கால்களை மடக்கிப் படுத்திருக்கிறார் என்று சொன்னேன்.

"செரி" என்றார் அண்ணன். "எழுப்பாத."