திரை செத்த போனில் பதினொரு படங்கள்

பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே பலீல் நானா நடத்திய கொமியூனிகேஷன் கடையில் நிரஞ்சலா நான்கு வருடமாக வேலை பார்த்துவந்தாள். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். உயர்தரம் வரை படித்து, ஆறு மாதக் கணினி வகுப்பும் முடித்திருந்தாள். போட்டோ கொப்பி அடிக்கவும் விண்ணப்பங்கள் டைப் பண்ணவும்தான் நானா அவளை எடுத்தார். போன்கள் தாமாகவே அவளிடம் வந்து சேர்ந்தன.

வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பிய போன்களைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஜனங்கள் வருவார்கள். பாட்டு ஏறவில்லை, படம் இறங்கவில்லை, கம்பியூட்டர் போனைக் கண்டுகொள்ளவே இல்லை என்று ஆளுக்கொரு முறைப்பாடு. நிரஞ்சலா ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்ப்பாள். என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். 2007ஆம் ஆண்டில் அவள் மூன்றாவது கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயதில், அந்தத் தெருவில் தன்னளவுக்கு இந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வருடம் ஒக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரெங்கம்மா கடைக்குள் வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்து மேசையில் வைத்தாள். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகள் அனுப்பியது. முதல் நாள் மலையில் இறங்கும்போது வடிகால் கானுக்குள் விழுந்து, திரை வெடித்து இருண்டுபோயிருந்தது. அழைத்தால் மணி அடித்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"போன் போனா போகட்டும் தங்கச்சி. உள்ள படம் இருக்கு. அது இன்னைக்கே வேணும்" என்றாள்.

நிரஞ்சலா விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வரிசையாகக் காம்பரா அறைகள் ஒட்டியிருக்கும் ரெங்கம்மாவின் லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பு. ஏப்ரல் மழையில் விரல் அகலம் இருந்தது, மாதாமாதம் விரிந்துகொண்டே போனது. தோட்டத்து ஒபிஸில் சொன்னபோது, அது இருபது வருடத்துப் பழைய வெடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். பதுளையில் மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் பெருமழைக்கு முன்னால் சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலை அன்று பின்னேரம் முடிக்கப்போகிறார்கள். ஆதாரம் இல்லாமல் போனால் பட்டியலில் ஏறாது என்று தொழிற்சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். ஆதாரம் முழுக்க அந்த இருண்ட போனுக்குள் கிடந்தது.

பலீல் நானா எட்டிப் பார்த்தார். "அது மௌத்தான போன் புள்ள. ஏன் மினக்கெடுற?"

"மணி அடிக்குதுல்ல நானா, உயிர் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிரஞ்சலா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடையில் இருந்த கேபிளில் போனை மாட்டினாள். கணினி சத்தம் போடவில்லை. கேபிளைக் கணினியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினாள், அப்போதும் இல்லை. அடுத்து தன்னுடைய போனை எடுத்து அதே கேபிளில் மாட்டினாள். உடனே கணினி அதைக் கண்டுகொண்டது. ஆக, கேபிளிலும் பிழையில்லை, கணினியிலும் பிழையில்லை. போனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தப் போனில் சார்ஜ் போடும் துளை வேறு, கணினிக்கான துளை வேறு. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத அந்த இரண்டாவது துளைக்குள் தூசியும் சாக்கு நூலும் இறுகிக் கிடந்தன. மெல்லிய ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்டி எடுத்தாள். மறுபடி மாட்டியதும் கணினி 'டங்' என்றது.

ரெங்கம்மா எழுந்துவிட்டாள். ஆனால் கணினியில் படம் எதுவும் வரவில்லை.

அந்த ரகப் போன்கள் கணினியில் மாட்டியதும் ஒரு கேள்வி கேட்கும்: பாட்டு ஏற்றவா, படம் அச்சிடவா, அல்லது உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து காட்டவா? அதற்குப் பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். இந்தப் போனும் கேட்டிருக்கும். கேட்டதுதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

நிரஞ்சலா சற்று யோசித்தாள். எதிரே இருந்த மருந்துக் கடையில் வேலை செய்யும் மர்லியாவின் நினைவு வந்தது. போன மாதம்தான் அவளுக்கு ரிங்டோன் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதே மாதிரி போன். தெருவைக் கடந்து போய், பத்து நிமிடத்துக்கு இரவல் கேட்டாள். மர்லியா காரணம்கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

மர்லியாவின் போனை மாட்டியதும் திரையில் கேள்வி வந்தது. நிரஞ்சலா தேவையான பதிலுக்கு எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று பார்த்தாள். கீழே இரண்டு, பிறகு நடுப் பட்டன். மூன்று முறை செய்து மனதில் பதித்துக்கொண்டு, ரெங்கம்மாவின் போனை மாட்டி இருட்டில் அதையே செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் செய்தாள். அதே கதை.

நானா பெருமூச்சு விட்டார். நிரஞ்சலா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மர்லியாவின் போனில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'டிக்' என்று சத்தம் வந்தது. இதில் சத்தமே இல்லை. பட்டன்கள் உடைந்திருந்தால் ஒன்றிரண்டுதான் பேசாமல் இருக்கும், எல்லாமே ஒரேயடியாகப் பேசாமல் இருக்காது.

"அக்கா, போன நீங்க பூட்டி வெப்பீங்களா?"

"ஆமா தங்கச்சி. பை அமுக்கி சும்மா சும்மா குவைத்துக்குக் கோல் போயிருது. அதனால எப்பவும் பூட்டித்தான் வெப்பேன்."

நிரஞ்சலா பூட்டைத் திறக்க இடது பட்டனையும் நட்சத்திரப் பட்டனையும் அடுத்தடுத்து அழுத்தினாள். 'டிக், டிக்.' கேபிளைக் கழற்றி மாட்டினாள். கீழே இரண்டு, நடுவில் ஒன்று. கணினித் திரையில் ஒரு மஞ்சள் பெட்டி திறந்தது. அதற்குள் ஐம்பத்து மூன்று படங்கள்.

ஆடுகள், கோயில் திருவிழா, பேரப்பிள்ளையின் முதல் பள்ளிக்கூட நாள், இவற்றுக்கு நடுவே வெடிப்பின் படங்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு நீலச் செருப்பு. முதல் படத்தில் வெடிப்புக்குள் விரலை விடலாம். கடைசிப் படத்தில் செருப்பே குறுக்காக உள்ளே விழும் அகலம். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையான திகதிகளைப் போனே எழுதி வைத்திருந்தது.

ஆனால் நேரம் உதைத்தது. பளிச்சென்ற வெயிலில் எடுத்த படத்துக்கு அதிகாலை நாலரை மணி என்று காட்டியது. யாராவது இதைப் பிடித்துக்கொண்டால் மொத்தமும் பொய் என்று சொல்லிவிடலாம். நிரஞ்சலாவுக்குக் காரணம் உடனே விளங்கியது. போன் இன்னும் குவைத் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டரை மணித்தியாலம் பின்னால். ரெங்கம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அதை ஒரு குறிப்பாக டைப் பண்ணி முதல் பக்கத்தில் சேர்த்தாள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டாள். பிறகு ரெங்கம்மாவோடு பதுளைக்குப் போக நானாவிடம் அரை நாள் லீவு கேட்டாள்.

"கடைய யார் பாக்குற?" என்றார் நானா. மறு நிமிடம் தானே போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "போயிட்டு வா. பஸ் வெளிக்கிடப் போகுது."

பதுளைக்குப் போய்ச் சேர இரண்டு மணியாகிவிட்டது. பார்த்தீபன் என்ற இளம் அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், தாள்களை முதலில் நின்றபடி புரட்டினார். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார். நேரத்தைப் பற்றி அவர் வாய் திறக்கும் முன்பே நிரஞ்சலா குறிப்பைக் காட்டி விளக்கினாள். அவர் தலையசைத்துவிட்டுக் கேட்டார், "இந்தச் செருப்பை ஆர் வச்சது?"

"நாந்தாங்க" என்றாள் ரெங்கம்மா. "வெறும் வெடிப்ப எடுத்தா சின்னதா பெருசான்னு எப்படித் தெரியும்? அளவுக்கு ஒண்ணு வேணும்ல."

பார்த்தீபன் பேனாவை எடுத்துப் பட்டியலின் மேல் பகுதியில் ஒரு வரியை எழுதினார். "திங்கக்கிழமை நானே வாறன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். மேட்டை அளந்து பார்த்துவிட்டு, அன்று பின்னேரமே தோட்டத்து ஒபிஸில் அறிக்கையைக் கொடுத்தார். பத்து நாட்களுக்குள் அந்த லயத்திலிருந்த பதினெட்டுக் குடும்பங்களும் பாடசாலை மண்டபத்துக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் மாறின. மாற மாட்டோம் என்று நின்றவர்களை ரெங்கம்மா வீடு வீடாகப் போய்ப் பேசிக் கிளப்பினாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்த நேரம், மேடு அப்படியே இறங்கி லயத்தின் கடைசி நான்கு காம்பராக்களை மூடியது. உள்ளே ஒரு கட்டிலும் சில சட்டிபானைகளும்தான் இருந்தன. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

ரெங்கம்மா இரவல் போனிலிருந்து கடைக்கு அழைத்தாள். அழவில்லை. யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பதினெட்டுக் குடும்பத்தையும் பெயர் சொல்லி ஒப்புவித்தாள். நிரஞ்சலா கடைசிப் பெயர் வரை கேட்டாள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, நானாவிடம் செய்தியைச் சொன்னாள். பலீல் நானா வெளியே போய் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தார்.

இரண்டு மாதம் கழித்து நானா கடைப் பலகையை மாற்றினார். 'போன் திருத்தம்' என்ற வரிக்குக் கீழே நிரஞ்சலாவின் பெயரையும் எழுதச் சொன்னார். தமிழிலும் சிங்களத்திலும்.

புதிய வீடுகளுக்கான இழுபறி அதன் பிறகுதான் தொடங்கியது. ரெங்கம்மா மாதத்துக்கொரு தடவை பண்டாரவளைக்கு வருவாள். அவள் சொல்லச் சொல்ல நிரஞ்சலா கடிதத்தை டைப் பண்ணுவாள். வீண் வார்த்தைகளை இருவரும் சேர்ந்தே வெட்டுவார்கள். ஒன்பதாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. 2009இல் முதல் ஆறு வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டினார்கள்.